பார்க்காத ஆட்டம்

“அம்மா, கேபிளைக் கட் பண்ணணும். ஆனா பதிவு பண்ணி வச்சது போகக் கூடாது. வர்ற ஆட்டங்களையும் அப்பப்ப பாக்கணும். ஏதாவது வழி இருக்கா?”

ராஜாங்கம் கேட்டதும் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் கேட்டவர் பிறவி அறுவதைப் பற்றிக் கேட்டிருந்தார்.

“இதுக்குக் கேபிள்காரன்கிட்டல்ல போகணும்?” என்றார் அவர்.

“போனேன். பெட்டியத் தட்டிப் பாத்துட்டு, ‘பெரியவரே, யாராச்சும் சாமியார்ட்ட போய்க் கேளுங்க’ன்னுட்டான்.”

அம்மா சிரிக்கவில்லை. ராஜாங்கத்தைவிட வயதில் மிகவும் இளையவர். அரிசி ஆலைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த வீட்டில் இருப்பதால் ஊரில் அவரை ரைஸ்மில் அம்மா என்பார்கள். கேட்டால் பதில் வரும் என்று நிச்சயம் கிடையாது. சில நாள் கேள்வியின் பாதியிலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இன்று எழவில்லை.

“சேனலக் குறைங்க ஐயா. விளையாட்டு ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துருங்க.”

“எடுத்தாச்சும்மா.”

“சீரியல்?”

“அது என் வீட்டுக்காரி பாக்கறது. அவ எப்பவோ வேண்டாம்னுட்டா.”

“ஆட்டத்தை போன்ல பாக்கலாமே.”

“வர்றதப் பாக்கலாம். பெட்டிக்குள்ள இருக்கறது போனுக்கு வராது. மாசக் கட்டணம் நின்னா பெட்டியும் பூட்டிக்கும். உள்ள இருக்கறதத் தொறக்க முடியாது.”

“உள்ள என்ன இருக்கு?”

“ஒரு கபடி ஆட்டம்.”

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணுதான்.”

“நல்ல ஆட்டமா?”

“தெரியாதும்மா. நான் இன்னும் பாக்கல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ராஜாங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் அப்போது பஸ் டிரைவர். மகன் அழகுராஜாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. நம் ஊர் அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தது. அன்று பார்த்து இருவருக்கும் லீவு இல்லை. பையன் பெட்டியில் நேரம் குறித்துப் பதிவுக்குப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

“‘ரெண்டு பேரும் வந்தப்புறம் சேந்து பாப்போம்ப்பா. அதுவரைக்கும் யார்ட்டயும் கேக்காத’ன்னான். சரின்னேன். ஷிப்ட் முடிஞ்சு வரும்போது லாரிக்காரன் அடிச்சுட்டான். நான் வண்டிய ஒப்படைச்சுட்டு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு.”

“எப்ப?”

“நாலு வருஷமாச்சு.”

“நாலு வருஷமா யார் ஜெயிச்சாங்கன்னு தெரியாதா?”

“தெரியாதும்மா. டீக்கடைக்குப் போறதில்ல. பேப்பர் வாங்கறதில்ல. டிவியில ஆட்டம் ஓடும், சத்தத்த நிறுத்திருவேன். பேசறவன் பழைய கதைய எடுத்துட்டா?”

“கட்டணம் எப்பக் கட்டணும்?”

“நாளைக்குள்ள. கையில இல்லம்மா. அவ காதுல கிடந்ததும் போன மாசம் போயிருச்சு.”

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அப்ப இன்னைக்குப் பாத்துருவோம்.”

*

வீட்டில் ராஜாங்கத்தின் மனைவி செல்லத்தாய் பாயை விரித்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

ராஜாங்கம் ரிமோட்டை வைத்துக்கொண்டு பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மறு ஓரம் காலியாக இருந்தது.

“போடுங்க.”

“வேணாம்மா. அவன் வர்றதுக்கு முன்னாடி பாக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வருவானா?”

இந்த நான்கு வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் ஏதேதோ சொல்லித் தேற்றினார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் ரிமோட்டைப் பெட்டியின் பக்கம் நீட்டினார்.

விரல் பொத்தானை அழுத்தியது.

முதலில் வெகுநேரம் வெறும் ஆடுகளம்தான் தெரிந்தது. அரங்கத்தில் விளக்குக் கோளாறு, ஆட்டம் தாமதமாகத் தொடங்கும் என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஆட்கள் இறங்கினார்கள். ராஜாங்கம் சத்தத்தை நிறுத்தவில்லை. நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

நம் அணி முதல் புள்ளி எடுத்ததும் அவர் கை தானாகப் பக்கத்தில் தட்டியது. பெஞ்சுப் பலகையில் பட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமம். கடைசியாகப் பாடிப் போகும் முறை நம் பக்கம். நெட்டையாக ஒருவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். நான்கு பேர் கைகோத்து வளைத்தார்கள். அவன் காலை நீட்டினான். கூட்டம் எழுந்து நின்றது.

திரை கறுத்தது.

பிறகு எழுத்து வந்தது. ‘பதிவு முடிந்தது. வைத்திருக்கவா? அழிக்கவா?’

ராஜாங்கம் பின்னால் ஓட்டினார். நெட்டையன் மறுபடி கும்பிட்டான், உள்ளே போனான், காலை நீட்டினான். கறுத்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

பையன் குறித்த நேரம் அவ்வளவுதான்.

“இது இல்லம்மா,” என்றார் ராஜாங்கம். “இதுக்கா இத்தன நாள்…” அம்மாவின் பக்கம் திரும்பினார். “யார்ம்மா ஜெயிச்சா? நீங்களாவது சொல்லுங்க.”

அம்மா அவர் கையிலிருந்த ரிமோட்டை மெல்ல வாங்கினார். எழுந்துபோய், அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற செல்லத்தாயின் கையில் வைத்தார்.

ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். செல்லத்தாய் அழுதுகொண்டிருந்தாள். ஆட்டம் முழுக்க அவள் அங்கேயே நின்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“அன்னைக்கு ராத்திரியே.”

“யார் சொன்னா?”

“ஆட்டோக்காரங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. நான்தான் ஓடிப்போய்க் கேட்டேன்.”

“அந்த நேரத்துல போய் அதக் கேட்டியா?”

“அவன் கேட்டான்ங்க.”

ராஜாங்கம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணே தொறக்கலன்னுல்ல என்கிட்ட சொன்ன?”

“தொறந்தான். கொஞ்ச நேரம். ‘யாரும்மா ஜெயிச்சா?’ன்னான். விசாரிச்சுட்டு வந்து காதுல சொன்னேன்.”

“சொன்னதும்?”

செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

“‘அப்பாட்ட சொல்லிராதம்மா, அவரு இன்னும் பாக்கல’ன்னான்.”