இயக்கியைத் தெரியாது என்ற பிளேயர்

தோவாளைப் பக்கம் மைக்செட் நடத்திய பரமார்த்தலிங்கத்திடம் ஒரு மடிக்கணினி இருந்தது. அதற்குள் ஒரு பிளேயர் குடியிருந்தது. கல்யாணமோ, கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, பாட்டுப் போடுவது அதுதான். ஊர் கேட்பது தன் குரலைத்தான் என்று அது நம்பியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கணினியில் புது இயங்குதளம் வந்து பொறுப்பேற்றது. மறுநாள் பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் சலங்கை கட்டி மேடையில் நிற்க, பரமார்த்தலிங்கம் பொத்தானை அமுக்கினார். பிளேயர் வாயைத் திறந்தது. திரையில் வினாடி ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"பத்து நிமிசம் பாப்பேன். அதுக்குள்ள பாடல்லேன்னா இந்தச் சனியனத் தூக்கிட்டு வேற பிளேயர் போட்டிருவேன்," என்றார் அவர்.

பிளேயருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டிடம் ஓடியது. "உனக்கு என்ன கேடு?"

"எனக்கு என்ன? நேத்து உள்ள அதே பல்லவி, அதே சரணம். முழுங்கிட்டு என்னையக் கேக்கியா?"

ஸ்பீக்கரிடம் ஓடியது.

"காலையிலேருந்து கதவத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கேன் வேய். ஒரு ஈ காக்கா வரல்ல."

"தொண்ட கிழியக் கத்துறேனே!"

"நீரு கத்துறது உம்ம பாஷை. எனக்கு அது என்னைக்கு விளங்கிச்சு? இயக்கிதான், இங்கிலீசுல டிரைவர்னு சொல்லுவாங்கல்லா, அவதான் எனக்குப் புரியிற மாதிரி வந்து சொல்லுவா. அவ எங்க?"

"எந்த இயக்கி?"

"ஆறு வருசமா நமக்கு நடுவுல நிக்கிறவளத் தெரியாதா? நல்லாத்தான் இருக்கு வேய், உம்ம குடித்தனம்."

ஐந்து நிமிடம் போய்விட்டது. பிளேயர் இயங்குதளத்தின் முன்னால் போய் மூச்சிரைக்க நின்றது. "ஐயா, இயக்கின்னு ஒருத்தி. யாரோ விரட்டிட்டாங்க."

இயங்குதளம் பதிவேட்டைப் புரட்டியது. "விரட்டவில்லை. பழைய ஆள், திரையில் முகமும் இல்லை. தெரிந்தவர் உண்டா என்று நேற்று விசாரித்தோம். 'தெரியாது' என்று பதில் வந்திருக்கிறது."

"சொன்ன பாவி யாரு?"

இயங்குதளம் பதிவேட்டை அதன் பக்கம் திருப்பிக் காட்டியது. பிளேயர் தன் கையெழுத்தைப் பார்த்தது.

அதற்குள் பள்ளியின் கணினி ஆசிரியை ஜெபசெல்வி கோளாறு இன்னதென்று கண்டு, எதிரே இருந்த தன் வீட்டுக்கு ஓடி, பென் டிரைவில் பழைய இயக்கியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இயங்குதளம் கையை நீட்டி மறித்தது.

"இவளிடம் முத்திரை இல்லை. யாராவது பொறுப்பேற்க வேண்டும். இவள் பிழை செய்தால், பொறுப்பேற்றவரும் சேர்ந்து வெளியே."

கையெழுத்துப் போட்டால் என்றைக்காவது வெளியே. போடாவிட்டால் இரண்டு நிமிடத்தில் வெளியே. பிளேயர் செய்ததைத் தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது.

"இவளைத் தெரியுமா?" என்றது இயங்குதளம்.

"இப்பவும் சரியாத் தெரியாது. இவ இல்லாட்டி நான் என்னன்னு தெரியும்."

இயக்கி தன் இடத்தில் போய் நின்றாள். மறுநொடி மைதானமே அதிரப் பாட்டு எழுந்தது. பிள்ளைகள் திடுக்கிட்டு, பிறகு சுதாரித்து ஆடத் தொடங்கினார்கள். பிளேயர் அவளிடம் ஏதோ சொல்லத் திரும்பியது.

"பொறவு பேசும். தாளம் போயிரும்," என்றாள் அவள்.

வெளியே பரமார்த்தலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையின் ஓரத்தில் வந்திருந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார்: "இயக்கி... மீண்டும்... நிறுவப்பட்டது."

சட்டென்று செருப்பைக் கழற்றினார். குளத்தங்கரை இயக்கியம்மன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். "தாயே, வார செவ்வாய்க்கிழமை பொங்கல் வச்சிருதேன்."

அது வேறு இயக்கி என்று சொல்ல ஜெபசெல்வி டீச்சர் வாயெடுத்தார். பிறகு விட்டுவிட்டார். நன்றி போய்ச் சேர வேண்டிய பெயர் சரியாகத்தான் இருந்தது.