பார்க்காமல் கூவிய ஆள்காட்டி

ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் செம்மூக்கி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தது. அதன் தொண்டை இருக்கிறதே, அப்பப்பா! அது ஒரு கத்து கத்தினால் அக்கரை மான்கள்கூடப் பிடரியில் கால்பட ஓடும்.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்குப் படிப்பும் வேண்டுமா என்பதுதான் இப்போது அதன் கவலை. ஏரிக்கரையில் காட்டுக்கெல்லாம் பொதுவான பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காக்கையானாலும் கழுகானாலும் கட்டணமில்லாமல் சேரலாம். அங்கே இதழியல் சொல்லிக்கொடுத்தது ஒரு நாரை. ஆனால் ஒரு கண்டிப்பு. முதல் வருடம் யாரும் சேதி கூவக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், திரும்பி வந்து நாரையிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

"ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பதா? என்னால் ஆகாதம்மா!" என்று செம்மூக்கி புலம்பியது. ஆனாலும் ஆசை விடவில்லை. விடிந்தால் சேர்க்கைக்குக் கடைசி நாள்.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கிறது?"

செம்மூக்கி விஷயத்தைச் சொன்னது.

"அட அசடே! பிறக்கும்போதே கத்தத் தெரிந்தவளுக்குப் படிப்பு எதற்கு? அந்தப் பொதுக் கூடத்தில் கண்டவர்களோடு உட்கார்ந்து காலத்தைப் போக்காதே. சேதியை நான் தருகிறேன், நீ கூவு. இன்றைக்கே காடு முழுக்க உன் பேர்தான்!"

செம்மூக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சரி அண்ணா, இன்றைக்கு என்ன சேதி?"

"தென்கரைப் புதரில் சிறுத்தை பதுங்கியிருக்கிறது. மான்கள் அங்கேதான் மேய்கின்றன, பாவம்! வடகரைக்கு ஓடச் சொல்லிச் சீக்கிரம் கூவு!"

தென்கரை கூப்பிடு தூரம்தான். பறந்து போய்ப் புதரை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் வேறு யாராவது கூவிவிட்டால்? அந்தப் பதற்றத்தில், இருந்த இடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்தியது. "சிறுத்தை! தென்கரையில் சிறுத்தை! வடகரைக்கு ஓடுங்கள்!"

மான்கள் நம்பின. விழுந்தடித்துக்கொண்டு வடகரைக்கு ஓடின. சிறுத்தை அங்கேதான் காத்திருந்தது. பால்குடி மறவாத ஒரு குட்டி அதன் வாயில் சிக்கியது. மிச்ச எலும்புக்காக நரி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிறுத்தையின் பின்னாலேயே போனது.

குட்டியின் தாய் தள்ளாடி வந்து செம்மூக்கியின் முன்னால் நின்றது. திட்டவில்லை. "நீ பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டது.

"இல்லை... நரி சொன்னது..."

"நரி சொல்லியிருந்தால் நான் அசைந்திருக்கவே மாட்டேன். நீ சொன்னாய் என்றுதான் என் பிள்ளையை எழுப்பி ஓட்டிக்கொண்டு போனேன்."

செம்மூக்கி ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, "நான் பார்க்கவில்லை! நரி பேச்சைக் கேட்டுக் கூவிவிட்டேன்! தப்பு என்னுடையது!" என்று கதறியது. ஒரு மான்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடிந்ததும் அது பல்கலைக்கழகத்துக்குப் போனது.

"எதற்குச் சேர வந்தாய்?" என்று கேட்டது நாரை.

"என் குரலை நம்பி ஒரு குட்டி செத்துப்போனது ஐயா."

நாரை நகர்ந்து இடம் விட்டது.

தானே பார்க்காமல், விசாரிக்காமல் ஊருக்குச் சேதி சொல்கிறவர், கெட்டவர் செய்யும் கொலையில் தாமும் பங்காளி ஆகிறார்.