தஸ்நேவிஸ் நின்ற வரி

செப மந்திரம் ஒப்பிக்காதவனுக்கு அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள். எத்தனை வள்ளத்துக்குச் சொந்தக்காரனானாலும் கைகட்டி நின்று சொல்லத்தான் வேண்டும்.

மாப்பிள்ளை தஸ்நேவிஸ் விசுவாசப் பிரமாணம் என்ற மந்திரத்தில் மூன்று முறை தோற்றுவிட்டான். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலையில் முதலாவதை நாளை வாசிக்காவிட்டால் தவக்காலம் குறுக்கே வந்துவிடும். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடியும்வரை கல்யாணம் இல்லை. பெண்வீட்டார் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மந்திரம் கேட்டவர் பிரதர் ஹிலாரி. உரோமையில் இறையியல் படித்துவிட்டு, குருப்பட்டத்துக்கு முன் பயிற்சிக்கு வந்தவர். பங்குச்சாமியாரிடம் போய் நின்றார்.

“ஃபாதர், அவருக்கு விசுவாசம்னா என்னன்னே தெரியல.”

“எந்த இடத்துல நிக்காரு?”

“‘இயேசு சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டார்’னு சொன்னதும் நின்னுடுறாரு.”

“மூணு தடவையும் அங்கயேவா?”

“அங்கயேதான்.”

சாமியார் எழுந்து கோயில் முற்றத்துக்குப் போனார். தஸ்நேவிஸ் தலைகுனிந்து நின்றான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று, தானும் சேர்ந்து மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். அந்த இடம் வந்ததும் அவன் நின்றான். அவரும் நின்றார். அடி எடுத்துக் கொடுக்கவில்லை.

பிரதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த சொல் அவர் வாய்வரை வந்துவிட்டது. சாமியார் கையமர்த்தினார்.

பிறகு தஸ்நேவிஸே பேசினான்.

“எங்கப்பாவ அடக்கம் பண்ணலயே சாமி. வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு. அவிய வரல.”

அவன் கடல் பக்கம் திரும்பினான்.

“ஆண்டவரு பாதாளத்துல இறங்குனாருன்னு அடுத்து சொல்றோமே. அந்தத் தண்ணிக்குள்ளயும் இறங்கியிருப்பாரா சாமி?”

சாமியார் பிரதரைப் பார்த்தார். “நீங்க படிச்சது இந்த வரியத்தானே. சொல்லுங்க.”

ஹிலாரி வாய் திறந்தார். லத்தீனும் கிரேக்கமும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எதுவும் அங்கே ஆகாது என்று அவருக்கே தெரிந்தது.

“இறங்கியிருக்காரு,” என்றார். “செத்தவங்க எங்க கெடந்தாலும், அவரு இறங்காத எடம் இல்ல.”

தஸ்நேவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். விட்ட இடத்திலிருந்து ஆமென் வரை ஒரே மூச்சில் சொன்னான்.

“நாளைக்கு ஓலை வாசிச்சுருவோம். வீட்டுல போயிச் சொல்லு,” என்று சாமியார் அனுப்பிவைத்தார்.

ஹிலாரி மட்டும் நகரவில்லை.

“உரோமையில இந்த ஒரு வரிக்கு இருநூறு பக்கம் ஆய்வு எழுதினேன் ஃபாதர். அவரு கேட்ட கேள்வி அதுல ஒரு பக்கத்துலகூட இல்ல.”

“அதுல பதில் இருந்துச்சுல்லா,” என்றார் சாமியார்.