பின்வரிசை விட்ட புல்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பதுக்கு மேல். குரு டாக்டர் ஜெசிந்தா. பயிரைக் கெடுக்கும் களைகளின், பூச்சிகளின் மரபணுவைப் படிக்கிறவர். சீடர் கோமதிநாயகம், வட்டாரத்து வேளாண்மை அலுவலர். தலை நரைத்த பிறகு பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர். பேத்தி பள்ளிக்கூடம் போகிற வயதில் தாத்தாவுக்குப் படிப்பா என்று அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. நானும் செய்திருக்கிறேன்.

நான் அங்கே ஆய்வுக்கூட உதவியாளன். இலையை அரைத்து டி.என்.ஏ. பிரித்தெடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. அலுப்பான வேலைதான், மறைப்பானேன்.

அன்றைக்குக் கோமதிநாயகம் சார் வந்தபோது கையில் ஓர் ஈரச் சாக்கு. தோளில் வழக்கமான சாப்பாட்டுப் பை. சரியாகத் தூங்கிப் பல நாளான முகம். சாக்கை மேஜைமேல் கவிழ்த்தார். பச்சைப் பசேல் என்று ஒரு கட்டு விழுந்தது.

"நெல்லு நாத்தா சார்?" என்றேன்.

"நீயும் அப்படித்தான் சொல்லுதே பாரு. நெல்லு இல்லப்பா. குதிரைவாலிப் புல். மஞ்சணத்திக்குளத்து வயல்ல பிடுங்கினது."

ஜெசிந்தா மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் தெரியணும்?"

"இது இப்படி நிக்கதுக்கு யார் காரணம்னு தெரியணும், மேடம்."

விஷயம் இதுதான். களையெடுப்பில் மஞ்சணத்திக்குளத்துப் பெண்களுக்குப் பெரிய பேர். மற்ற ஊர்களில் ஒரு வரிசையாகக் குனிந்து போவார்கள், அத்தோடு முடிந்தது. இங்கே முன்வரிசை போன பிறகு பின்வரிசை என்று ஒன்று வரும். முன்னால் போனவர்கள் விட்டதை இவர்கள் எடுக்க வேண்டும். பின்வரிசைக்குத் தலைமை மாடத்தி என்ற அம்மாள். அவர் போன வயலில் ஒரு புல் நின்றுவிட்டால் மற்ற பெண்கள் சாயங்காலம் வரை அவரைக் கேலி பண்ணியே தீர்த்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில், கதிர் வருகிற நேரத்தில் பார்த்தால் நெல்லுக்கு நடுவே புல்லும் கதிர் தள்ளி நிற்கிறது. சில போகங்களாகவே இப்படி. பக்கத்து ஊரிலும் புல் உண்டு, ஆனால் வரப்பில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே கதிர் வரும்வரை தெரியவே இல்லை.

நிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூலிக்கு வந்து கதை பேசுகிறார்கள், நெல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புல்லை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. விவசாயிகள் சங்கத் தலைவர் உலகநாதன் முடிவே எடுத்துவிட்டார். இனிப் பெண்கள் வேண்டாம், களைக்கொல்லி அடித்துக்கொள்ளலாம். ஆனால் பழி தன்மேல் வராமல் இருக்க, அந்தப் பேச்சு அலுவலர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். சங்கக் கூட்டத்தில் எழுந்து கவனக்குறைவுதான் என்று கோமதிநாயகம் சார் சொன்னால் போதும். மாடத்தியின் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"கவனக்குறைவுன்னுதான் எனக்கும் தோணுது. பொய் சொல்ல முடியுமா? ஆனா அந்தப் பொம்பளைங்களைப் பாத்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"கூட்டம் எப்போ?"

"நாள் இருக்கு. அடுத்த மாசக் கடைசியில."

"அந்த ஊர் ஓடைக்கரையிலயும் இதே புல்லு நிக்கும். அதுலயும் இலை கொண்டு வாங்க, விதை கொண்டு வாங்க. வயல் புல்லுலயும் விதை வேணும்."

"அப்போ என் கேள்விக்கு?"

"விதையைக் கொண்டு வாங்க சார்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். புளிக்குழம்புச் சோறு. அரிசி மஞ்சணத்திக்குளத்து அரிசி. அவர் வீட்டில் வேறு அரிசி வாங்குவதே இல்லை. இந்த ருசி எதுக்கும் வராதுப்பா என்று எனக்கும் ஒரு கவளம் உருட்டித் தருவார். அன்றைக்குத் தர மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். இலை அரைத்து அரைத்துக் கை ஓய்ந்துபோனது. நடுவில் கரண்ட் போய்ப் பாதி மாதிரிகள் வீணாகி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மேடம் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, சரி, திரும்பவும் அரைப்போம் என்று எழுந்தார்.

சீடர் கொண்டு வந்த விதை முளைத்துப் புல் வளர்ந்த பிறகு மேடம் அவருக்கு ஆள் அனுப்பினார். கண்ணாடிக்கூடத்தில் இரண்டு பெரிய தட்டுகள் இருந்தன. இரண்டிலும் நெல்லும் புல்லும் கலந்து விதைத்தது. ஒன்றில் ஓடைக்கரைப் புல், மற்றதில் வயல் புல்.

"களை எடுங்க சார்."

"இப்பவா?"

"இப்பதான்."

"சர்வீஸ்ல சேர்ந்த நாள்ல இருந்து ஊருக்கெல்லாம் களையைக் காட்டிக் கொடுத்தவன் மேடம் நான்" என்று சிரித்துக்கொண்டே கையை மடித்துவிட்டார்.

முதல் தட்டு மளமளவென்று முடிந்தது. புல்லின் அடித்தண்டு சிவப்பு, பக்கவாட்டில் படர்ந்து கிடந்தது. குழந்தைகூட எடுத்துவிடும். இரண்டாவது தட்டில் வேகம் குறைந்தது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஒன்றைப் பிடித்து விட்டார், திரும்பப் பிடித்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"முடிஞ்சுது."

"பின்வரிசை போங்க."

அவர் மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தார். இன்னும் கொஞ்சம் பிடுங்கினார்.

"இப்போ நாக்கைப் பாருங்க" என்றார் மேடம்.

நெல்லில் இலை தண்டைச் சுற்றுகிற இடத்தில் தோல் போல ஒரு சின்ன நாக்கு இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு அது கிடையாது. இது அவருக்குத் தெரியாததா? ஆனால் சேற்றில் குனிந்து நிற்கிறவர்கள் யாராவது ஒவ்வோர் இலையையும் விலக்கிப் பார்த்தா பிடுங்குவார்கள்? அவரும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார். முதல் குவியல் முழுக்கப் புல். இரண்டாவது குவியலில் பாதி நெல். தட்டில் நிமிர்ந்து நின்றவற்றை விலக்கிப் பார்த்தார். ஒன்றில் நாக்கு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

"கவனக்குறைவா சார்?"

அவர் கைச்சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எங்கேயிருந்து வந்துது? வாங்கின விதைநெல்லோட வந்துதா?"

"இல்ல. உள்ளூர்தான். ஓடைக்கரைப் புல்லுக்குப் பங்காளி. டி.என்.ஏ. அப்படித்தான் சொல்லுது. சில இடங்கள்லதான் மாத்தம். அடித்தண்டு சிவக்கணுமாங்கற இடம், படரணுமா நிமிரணுமாங்கற இடம். வயல் புல்லுல எல்லாத்துலயும் அந்த இடங்கள் மாறியிருக்கு. ஓடைக்கரையில அங்கொண்ணு இங்கொண்ணுதான் அப்படி."

"நெல்லைப் பாத்து அதே மாதிரி நிக்கக் கத்துக்கிடுச்சா?"

"புல்லுக்குக் கண்ணு ஏது சார்? சிவப்பா இருந்ததை எடுத்தாங்க. படர்ந்ததை எடுத்தாங்க. மிஞ்சினது விதை போட்டுது. அதுலயும் கொஞ்சம் வித்தியாசமா தெரிஞ்சதைப் பின்வரிசை எடுத்துது. மறுபடியும் மிஞ்சினது விதை போட்டுது. மாடத்தியம்மா பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்."

"பக்கத்து ஊர்ல?"

"அங்க பின்வரிசை இல்ல. சிவப்பும் தப்பிச்சுப் பிழைச்சுக்கிடும். அதனால புல்லு புல்லாவே இருக்கு."

கோமதிநாயகம் சார் ஒரு கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்தார். ஆள் ஒரேயடியாகச் சோர்ந்துவிட்டார்.

"ஆக, நல்லா எடுத்ததுதான் தப்பு. இதைக் கூட்டத்துல சொன்னா உலகநாதன் என்ன சொல்வாரு தெரியுமா? பாத்தீங்களா, இவளுக கைதான் களையை வளர்த்துதுன்னு விஞ்ஞானமே சொல்லுதேம்பாரு. பொய் சொன்னாலும் அவங்களுக்குத்தான் வேலை போகும், உண்மையைச் சொன்னாலும் அவங்களுக்குத்தான் போகும்."

"முதல்ல எதுவும் சொல்லாதீங்க."

"மறைக்கச் சொல்லுதீங்களா மேடம்?"

"வயல் புல்லு போட்ட தட்டு இன்னும் ரெண்டு இருக்கு. தூக்கிட்டுப் போங்க."

கூட்டத்துக்குத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் நானும் போனேன். உலகநாதன் தட்டைப் பார்த்ததுமே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "இதுல என்ன இருக்கு, எனக்குத் தெரியாத களையா" என்று விறுவிறுவென்று பிடுங்கினார். கோமதிநாயகம் சார் குவியலை எடுத்து ஒவ்வொன்றாக நாக்கைக் காட்டினார். நெல். நெல். புல். நெல். முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி, மாடத்தியைக் கூப்பிடுங்க. அவ எடுக்கட்டும் பாப்போம்" என்றார் உலகநாதன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மாடத்தி பின்னாலிருந்து வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றத் தட்டில் குனிந்தார். அவர் எடுத்ததிலும் நெல் இருந்தது. அவர் விட்டதிலும் புல் இருந்தது. அந்தம்மா கையில் இருந்த நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் கோமதிநாயகம் சார் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஓடைக்கரைப் புல், சிவப்பு, பின்வரிசை, மிஞ்சியது எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. மருந்து அடித்தாலும் அதற்குச் சாகாதது மிஞ்சி விதை போடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். உலகநாதன் தன் குவியலையும் மாடத்தியின் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "இதுல யாரைச் சொல்லி என்ன செய்ய? அவங்களே எடுக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலை பிழைத்தது. பெண்கள் கலகலவென்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். மாடத்தி மட்டும் ஜீப் பக்கம் வந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். அப்போ எங்க கைதானா இதை வளர்த்தது?"

கோமதிநாயகம் சார் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னப் பிள்ளையில குனிஞ்ச இடுப்பு ஐயா. சேத்துப்புண்ணு ஆறினதே கிடையாது. களையை எடுக்கேன் எடுக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே. நான் வளர்த்தது களையைத்தானா?"

ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் நிலையத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். ஜெசிந்தா மேடம் உறைபெட்டியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். வேறொரு வட்டாரத்திலிருந்து மருந்துக்குச் சாகாத புகையான் பூச்சி வந்திருந்தது. புட்டி புட்டியாக அடுத்த வேலை.

"வேலை தப்பிச்சுதாமே" என்றார் மேடம், திரும்பாமலே.

"தப்பிச்சுது. நாக்கைப் பாத்து எடுக்கவும் சொல்லிக் கொடுத்துட்டேன்."

"நல்லது. கொஞ்ச காலம் ஓடும்."

"கொஞ்ச காலம்தானா?"

"நாக்கு மாதிரி எதையோ வச்சுக்கிட்டு ஒரு புல்லு எங்கேயாவது நிக்கும் சார். அதை விட்டுட்டு மத்ததை எடுப்போம்."

"இதுக்கு முடிவே கிடையாதா மேடம்?"

"என்கிட்ட இல்ல."

 அவர் மாடத்தி கேட்டதை அப்படியே சொன்னார்.

"பதில் சொல்ல முடியாம வந்துட்டேன். ராத்திரி பூரா அந்தம்மா குரல்தான் காதுல. நான் அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

மேடம் உறைபெட்டியை மூடினார். குளிரில் விறைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சு, இப்பதான்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சோறுதான். புளிக்குழம்பு."

"எந்த ஊர் அரிசி?"

 கோமதிநாயகம் சார் கையில் இருந்த காலிப் பையைப் பார்த்தார்.

"என்ன வளர்த்தோம்னு கேட்டாங்கல்ல" என்றார் மேடம். "போய் அதைச் சொல்லுங்க."