வெள்ளிக்கிழமை அடித்த மணி

ஒரு நாட்டு நாடாளுமன்றத்தில் திங்கட்கிழமை கேள்வி நேரம், புதன்கிழமை அமளி, வியாழக்கிழமை வெளிநடப்பு. வெள்ளி மதியம் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அமைச்சர் அல்லாத தனி உறுப்பினர்களின் மசோதாவுக்கு ஒதுக்கிய நேரமே அதுதான்! இது எந்த ஊர் நியாயம்?

கட்சி எதுவும் இல்லாத புது உறுப்பினர் மரியபுஷ்பம், தீவுகளுக்கு மருத்துவப் படகு கேட்டு அப்படி ஒரு வெள்ளியன்று மசோதா வைத்தார். பிரசவ வலியோடு பெண்கள் இன்னும் எத்தனை காலம் கரையில் காத்துக் கிடப்பது?

அமைச்சர் தணிகாசலம் கொட்டாவி விட்டார். "யாரும்மா இதையெல்லாம் கேக்கப்போறா? இந்தச் சபையை இன்னிக்கு நிரப்பிக் காட்டுங்க, நானே ஆதரிச்சு ஓட்டுப் போடறேன்."

"சரிங்கய்யா" என்ற மரியபுஷ்பம் சபாநாயகரிடம் திரும்பினார். "குரல் வாக்கெடுப்பு வேண்டாங்க. எண்ணி எடுங்க."

ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் எண்ணித்தான் ஆக வேண்டும். உறுப்பினர்களை வாக்களிக்க அழைக்கும் மணி அடித்தது. ஆளுங்கட்சிக் கொறடா தலைகளை எண்ணிப் பார்த்தார், எதிர்க்கட்சிக்காரர்கள்தான் அதிகம். மசோதா ஜெயித்துவிடுமே! தோற்கடிக்க ஆள் வேண்டுமென்று, தன் கட்சிக்காரர்களை உடனே வரச் சொல்லிப் போனில் கத்தினார்.

அப்பப்பா! ஒருத்தியின் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பெரிய கட்டடமே எழுந்து ஓடிய மாதிரி இருந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பிய கார்கள் வாசலிலேயே திரும்பின. கேன்டீனிலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள். கதவைச் சாத்தியபோது ஒரு நாற்காலியும் காலி இல்லை.

"சபை நிரம்பிடுச்சுங்கய்யா" என்றார் மரியபுஷ்பம். "நிரப்பினது உங்க கொறடாதான்."

சபையே பார்த்திருக்க, அமைச்சர் ஆதரவுக்கான பச்சைப் பொத்தானை அழுத்தினார். எதற்கு ஓடிவந்தோம் என்றே தெரியாத அவர் கட்சிக்காரர்கள், அவரைப் பார்த்து அதையே அழுத்தினார்கள்.