மூன்றாவது காயில்

நாச்சிமுத்துவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மாலை நாலு மணிக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும். மனைவியுடனான பதினெட்டு வருடக் குடித்தனத்தை முடித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வீட்டில் உட்கார முடியாமல்தான் மோட்டார் பட்டறைக்கு வந்திருந்தார்.

பட்டறை மகுடேஸ்வரியுடையது. அவரைவிடப் பதினோரு வயது சின்னவள். அவர் வேலை பார்த்த ஆலை மூடியபின், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலைச் சுற்ற அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

சுற்றி முடித்த மோட்டாருக்கு அவர் மின்சாரம் கொடுத்தார். அது உறுமியது, சூடேறியது, சுற்ற மட்டும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"எல்லாம் போச்சுங்க அம்மிணி." கம்பி வெட்டும் கட்டரை எடுத்தார். "அத்தனையும் அறுத்து வீசிப்போட்டுப் புதுசாச் சுத்திக்கறேன்."

"ஏனுங்கண்ணா, அறுக்கறதுன்னா மட்டும் இத்தனை வேகமா வருதுங்களே?"

"வேற என்னங்க பண்றது? மொத்தமும் தப்பு."

மகுடேஸ்வரி மோட்டாரின் சுற்றும் பாகத்தைக் கழற்றி வைத்தாள். காயில்களுக்குப் பேட்டரியைக் கோத்தாள். மின்சாரம் ஓடினால் ஒவ்வொரு காயிலும் காந்தமாகும். ஓடும் திசையைப் பொறுத்து அது வடக்காகவோ தெற்காகவோ இருக்கும். இந்த மோட்டாரில் நாலும் மாறி மாறி வர வேண்டும்.

ஒரு திசைகாட்டியை அவரிடம் நீட்டினாள். "உள்ள மெதுவா ஒரு சுத்து கொண்டு போங்க."

வேண்டாவெறுப்பாகக் கொண்டுபோனார். முதல் காயிலின் பக்கம் முள்ளின் தலை திரும்பியது. இரண்டாவதில் வால். மூன்றாவதில் தலை வர வேண்டும், மறுபடியும் வாலே வந்தது. நான்காவது சரியாக இருந்தது.

"மூணாவது," என்றார் மெல்ல. "முனையை மாத்திக் கோத்துட்டனுங்க. நெனப்பு எங்கயோ இருந்துச்சு."

"சரி பண்ணுங்க."

இரண்டு முனைகளை மாற்றி இணைத்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். மோட்டார் சாதுவாகச் சுற்றியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. என்னவென்று தெரியாமல் பயமாகவும் இருந்தது. மணி மூன்றரை.

"மீதி மூணும் சரியாத்தான் இருக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எனக்கும் தெரியாதுங்கண்ணா. ஆனா அறுத்துப் போட்டுட்டா, எது சரியா இருந்துச்சுன்னு அப்புறம் பாக்க முடியாதுங்களே."