ஒரு நிமிட நிறுத்தம்

மலையடிவாரத்தில் இருந்த அந்த ரயில் நிலையத்தில் இப்போது ஆள் கிடையாது. வேலை பார்த்தவர்களை நீக்கிவிட்டார்கள். டிக்கெட் கொடுத்த ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் தைத்துப் போட்ட மெத்தைகள் மட்டும் பெஞ்சில் கிடக்கின்றன.

அங்கே கடைசி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் தொகுசோ. வேலை போனதும் மேலே உள்ள கோயிலில் குரு கெய்ஷூவிடம் சீடராகச் சேர்ந்துகொண்டார். இப்போது வயது அறுபத்தெட்டு. இருபத்தொரு வருடமாக நிலையத்தில் கால் வைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் குருவிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்.

“ஹிசாமாட்சு எழுதியிருக்கிறான், குருவே. இன்று 10.42 வண்டியில் தெற்கே மகள் வீட்டுக்குப் போகிறானாம். இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லையாம். வண்டி நம் நிலையத்தில் ஒரு நிமிடம் நிற்கும் என்று எழுதியிருக்கிறான்.”

“யார் அது?”

“எனக்குக் கீழே டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தவன். பதினாறு வருடம் ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தோம். தண்டவாளத்துப் பனியைச் சேர்ந்தே அள்ளினோம். நிலையத்தில் ஆட்களை நீக்க எங்கள் சம்மதம் கேட்டு மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சம்மதம் என்று முதல் முத்திரை அவன்தான் குத்தினான். அவனுக்கு நகரத்தில் வேலை கிடைத்தது.”

“இப்போது மன்னிப்புக் கேட்கிறானா?”

“ஒரு சொல் இல்லை. கேட்காதவனை எப்படி மன்னிப்பது?”

குரு செருப்பை மாட்டினார். “மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. அடுத்த ஊருக்குப் போக வேண்டும். துணைக்கு வா.”

நிலையத்தில் தொகுசோ நட்ட செடி தோள் உயரம் வளர்ந்து நீலமாகப் பூத்திருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்துகிறது. என் காலத்தில் இப்படி விட்டிருப்பேனா?”

“உன் காலத்தில் வண்டி வந்ததா?”

“வந்தது.”

“இப்போதும் வருகிறது, பார்.”

ஒற்றைப் பெட்டி வண்டி. முன்னால் ஓட்டுநர் ஒருவர்தான். பின்கதவுக்கு நேரே வந்து தொகுசோ விறைப்பாக நின்றார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிசாமாட்சு. தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் விறைப்பாக நின்றார்.

கதவு திறக்கவில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். அவர்கள் காலத்தில் கதவைத் திறப்பது கார்டின் வேலை.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் ஏறக் காணோம். நிமிடம் முடிந்தது. வண்டி நகர்ந்தது.

தொகுசோவின் வலது கை தானாக எழுந்தது. விரல் தண்டவாளத்தைச் சுட்டியது.

“பாதை சரி! புறப்படலாம்!”

ரயில்காரர்களின் பழக்கம் அது. உள்ளே ஹிசாமாட்சுவின் கையும் அப்படியே எழுந்திருந்தது. வண்டி வளைவில் மறைந்தது.

தொகுசோ கையை இறக்க மறந்து நின்றார்.

“கதவு ஏன் திறக்கவில்லை, குருவே?”

“பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஏறுகிறவர்தான் அழுத்த வேண்டும்.”

“சொல்லியிருக்கலாமே!”

“ஸ்டேஷன் மாஸ்டருக்கு நான் சொல்வதா?”

தொகுசோவின் முகம் சிவந்தது. “பொத்தான் உள்ளேயும் இருக்குமே? அவன் அழுத்தியிருக்கலாம் அல்லவா?”

“இருக்கிறது. இந்நேரம் அவனும் உன்னைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான்.”

குரு பெஞ்சில் உட்கார்ந்து மெத்தையைச் சரிசெய்துகொண்டார்.

“ஒற்றைப் பாதைதானே இது? எதிர்வண்டிக்கு வழிவிட அவன் வண்டி எங்கே ஒதுங்கி நிற்கும்?”

“அடுத்த நிலையத்தில்.”

“எவ்வளவு நேரம்?”

“பன்னிரண்டு நிமிடம். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.”

“இங்கிருந்து நடந்தால்?”

“இருபது நிமிடம் ஆகும், குருவே.”

“ஓடினால்?”